முதல் மட்டக்குதிரை: பிள்ளை தயாரா என்று பார்ப்பது எப்படி?

"எத்தனை வயசுல வாங்கிக் கொடுக்கலாம்?" குதிரைச் சவாரி வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டி வருகிற பெற்றோர் மூன்றாவது மாதத்தில் மட்டக்குதிரையைப் பற்றி, அதாவது போனி என்கிற குட்டை இனக் குதிரையைப் பற்றி, தவறாமல் கேட்கிற கேள்வி இது. நானும் கேட்டேன், பதில் வருவதற்குள் வாங்கியும் விட்டேன். மகளுக்கு அப்போது ஆறரை வயது. சேணத்தில் அவ்வளவு அழகாக உட்காருவாள், முதுகு நேராக, குதிகால் கீழே இறங்கி, பார்க்கிறவர்கள் எல்லாம் பிறவியிலேயே வந்தது என்பார்கள். எட்டு மாதம் கழித்து அந்தக் குதிரையை வேறு வீட்டுக்கு அனுப்பினோம். அவள் விழவில்லை, அடிபடவில்லை, குதிரையும் முரடு இல்லை. லாயத்தின் கதவருகே பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாளே தவிர உள்ளே போகமாட்டாள், அவ்வளவுதான். "அப்பா, நீங்க முதல்ல போங்க, அது திரும்பிப் பார்க்குது" என்பாள். முதுகில் ஏறினால் ராணி, கீழே நின்றால் நடுக்கம். நான் வேலிக்கு வெளியே நின்று சவாரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் இது என் கண்ணில் படவே இல்லை.

சில வருடம் கழித்து மகன் கேட்டபோது வேறு மாதிரிப் பார்த்தோம். பிள்ளை தயாரா என்பதைச் சேணத்தின் மேல் தேடாமல் தரையில் தேடினோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். சில படிகள் நீளம், சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

படி 1: வயதுக் கணக்கை முடித்துவிடுவோம்

வயது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று நான்கு வயதுப் பிள்ளையை ஏற்றிவைத்து, ஒருவர் கயிற்றைப் பிடிக்க இன்னொருவர் பக்கத்தில் காலைப் பிடித்தபடி நடந்தால் பத்து நிமிடம் சுற்றி வரலாம், சந்தோஷமாக இருக்கும், ஆனால் அது சவாரி இல்லை, உப்புமூட்டைக்கு அக்கா முறை. ஐந்து ஆறு வயதில் சொன்னதைப் புரிந்துகொள்வார்கள், உடம்புதான் ஒத்துழைக்காது. கால் குட்டை. சேணத்தின் இரண்டு பக்கமும் தொங்குகிற தோல் மடிப்பைத் தாண்டி அந்தக் கால் கீழே வராது, அதனால் பிள்ளை எவ்வளவு உதைத்தாலும் அடி விழுவது தோலின் மேல்தான். அடுத்த வகுப்பில் கவனியுங்கள், டப் டப் என்று சத்தம் மட்டும் கேட்கும், குதிரை தன்பாட்டுக்கு நிற்கும். கால் எட்டாத பிள்ளை சமநிலைக்குக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கும், அந்த வாரின் மறுமுனை ஒரு உயிரின் வாயில் இருக்கிற இரும்பு.

ஏழிலிருந்து பத்துக்குள் கால் நீளமும், கவனமும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிற திறமையும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்துவிடும். ஏழிலேயே தயாரான பிள்ளையையும் பார்த்திருக்கிறேன், பதினொன்றிலும் ஆகாத பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். வயதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

படி 2: ஒரு வருடம் வகுப்பு, அதுவும் பல குதிரைகளில்

ஒரு வருடம் என்று நான் சொல்வது வெயில், மழை, குளிர், காற்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்ப்பதற்காக. காற்று அடிக்கிற நாளில் எந்தக் குதிரையும் கொஞ்சம் வேறு குதிரைதான், அதைப் பிள்ளை ஒரு தடவையாவது சந்தித்திருக்க வேண்டும்.

இதில் புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பயிற்சிப் பள்ளிக் குதிரைகள் வருடக்கணக்காக ஒரே வட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பழகியவை. முன்னால் போகிற குதிரை நின்றால் இதுவும் நிற்கும், திரும்பினால் திரும்பும். மேலே இருக்கிற பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்றாலும் வெளியிலிருந்து பார்த்தால் பிரமாதமாக ஓட்டுவது போலத் தெரியும். இதை உடைத்துப் பார்க்க எளிய வழி, பயிற்சியாளரிடம் சொல்லி வரிசையை விட்டுத் தனியாக எதிர் மூலைவரை போய் அங்கே நின்று திரும்பி வரச் சொல்வது. குதிரைகள் கூட்டமாக வாழ்கிறவை, கூட்டத்தை விட்டுப் போக அவற்றுக்கு மனமே வராது. அந்த மூலைக்குப் போய் வருகிற பிள்ளைதான் உண்மையில் ஓட்டுகிறது.

இன்னும் சில விஷயங்களைப் பாருங்கள். நடையிலும், துள்ளிக்கொண்டே போகிற ட்ராட்டிலும் கடிவாள வாரில் தொங்காமல் உட்கார முடிகிறதா? ட்ராட்டில் தாளத்துக்கு எழுந்து உட்கார முடிகிறதா? கேட்ட இடத்தில் நிறுத்த முடிகிறதா? அங்கவடியிலிருந்து, அதாவது சேணத்தில் தொங்குகிற கால் வளையத்திலிருந்து, இரண்டு காலையும் எடுத்துவிட்டு யாரும் பிடிக்காமல் தானே குதித்து இறங்கத் தெரியுமா? கடைசியாகச் சொன்னதை எல்லாரும் மறக்கிறார்கள், ஏதாவது கோளாறு என்றால் பிள்ளை முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

விழுந்திருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். விழவைக்க வேண்டியதில்லை, நடக்கும்போது தானாக நடக்கும். ஆனால் ஒரு பயம் வந்து போன பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். அழுதால் பரவாயில்லை. அழுதுவிட்டு, "அது ஏன் அப்படிப் பண்ணிச்சு?" என்று கேட்டால் நல்ல சகுனம். "குதிரை மோசம்" என்று முடித்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்.

பயிற்சியாளரிடம் "பிள்ளை தயாரா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஏதாவது சொல்லி வைப்பார். "உங்கள் குதிரை ஒன்றை என் பிள்ளையிடம் கொடுத்து, நீங்கள் இருபது அடி தள்ளி நின்று, மைதானத்திலிருந்து பிடித்து வந்து சேணம் பூட்டச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன்னால் வருகிற இடைவெளியே பாதிப் பதில்.

படி 3: கயிற்றைக் கையில் கொடுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். பிரிட்டனில் 1929-இல் தொடங்கிய, பிள்ளைகளுக்கான குதிரைச் சவாரிச் சங்கமான போனி கிளப் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சோதனை வைக்கும்போது சவாரியோடு குதிரைப் பராமரிப்பையும் சேர்த்தே கேட்கிறது, தொடக்க நிலையிலேயே. காரணம் இருக்கிறது. சவாரி ஒரு நாளில் அரை மணி நேரம், அதைச் சுற்றி இருக்கிற மற்ற எல்லா வேலையும் தரையில் நின்று செய்வது.

முதலில் நடத்திக் கூட்டிப் போவது. பிள்ளை குதிரையின் இடது தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், முன்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வலது கை கயிற்றில் தலைக்குக் கிட்ட, மிச்சக் கயிறு மடித்து இடது கையில். மடித்து என்றால் மடித்துத்தான், கையைச் சுற்றி ஒரு சுற்றுக்கூடக் கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் அந்தச் சுற்று இறுகி விரலைக் கொண்டு போய்விடும். இந்த ஒரு விதியை நினைவூட்டாமல் பின்பற்றுகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். நீங்கள் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், தயார் இல்லை.

அடுத்து, புல் இருக்கிற பாதையில் போகச் சொல்லுங்கள். ஷெட்லாண்டு வகை மட்டக்குதிரைகூட ஏறக்குறைய 200 கிலோ இருக்கும், உங்கள் பிள்ளை இருபத்தைந்து கிலோ. குதிரை தலையைப் புல்லுக்குள் இறக்கிவிட்டால் பிள்ளையால் தூக்க முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் தலை இறங்குவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது. நடை மெதுவாகும், காது முன்னால் போகும், மூக்கு அந்தப் பக்கம் நீளும். அந்த நொடியில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டி, "நட" என்று சொல்லி, தானும் நடந்துகொண்டே இருக்கிற பிள்ளைக்குக் குதிரை கட்டுப்படும். பலத்துக்கு இதில் வேலையே இல்லை. என் மகளுக்கு இது கடைசிவரை வரவில்லை, தலை இறங்கிய பிறகு கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். மகன் முதல் மூன்று வாரம் அதையேதான் செய்தான். நான்காவது வாரம் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தான், தன் காலடியைப் பார்ப்பதை விட்டுவிட்டான், அன்றைக்குப் புல் பாதையை நிற்காமல் கடந்தார்கள்.

அப்புறம் குளம்பு. பிள்ளை தோளுக்குப் பக்கத்தில் வால் பக்கம் பார்த்து நின்று, கையைத் தோளிலிருந்து காலின் பின்பக்கமாக மெல்ல இறக்க வேண்டும். கணுக்கால் பக்கம் வரும்போது குதிரை எடையை மற்றக் கால்களுக்கு மாற்றும், உடம்பு லேசாகச் சாய்வது தெரியும். அதற்குள் தூக்கப் பார்த்தால் தூக்க வராது, காத்திருந்தால் கால் தானாகக் கையில் வந்து உட்காரும். குளம்பு சுரண்டும் கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி ஓட்ட வேண்டும். நடுவில் முக்கோணமாக, மெத்தென்று இருக்கிற பகுதியைக் குத்தக் கூடாது, அதன் இரண்டு பக்கமும் ஓடுகிற பள்ளத்தில்தான் கல்லும் சேறும் சிக்கியிருக்கும். நான்கு காலும் முடிய ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் பொறுமை எவ்வளவு, பயம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று மூன்றும் தெரிந்துவிடும். பின்னங்கால்களை ஒரு பெரியவர் செய்துவிட்டாலும் குற்றமில்லை. கால் கொடுக்காத குதிரையைப் பிள்ளை கையால் அடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடிக்கிற பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

கூடவே கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள் சில உண்டு. குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் கண் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர. பின்னால் போகும்போது பிள்ளை குரல் கொடுத்து, முதுகில் கை வைத்தபடி சுற்றி வருகிறதா, அல்லது ஓடுகிறதா? காது பின்னால் படுத்தால், வால் சுழன்றால், மூக்கு சுருங்கினால் அதைக் கவனித்து ஓரடி விலகுகிறதா? கையில் தின்பண்டம் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் குதிரை கடிக்கப் பழகும். "வாளியில் போடு" என்றால் கேட்கிறதா? இவை எல்லாம் பாடமாக வராது, மாதக்கணக்கில் கூட இருந்துதான் வரும்.

படி 4: நாலு வாரச் சலிப்புச் சோதனை

வகுப்பு நடக்கிற இடத்திலேயே பேசி, நாலு வாரத்துக்கு வாரம் இரண்டு மூன்று நாள் சவாரியே இல்லாமல் வேலைக்கு மட்டும் பிள்ளையை அழைத்துப் போங்கள். லாயத்தில் சாணம் அள்ளுவது, தண்ணீர்த் தொட்டியைத் தேய்ப்பது, வைக்கோல் வலையை நிரப்புவது, சேறு காய்ந்த முடியைப் பிரஷ் போட்டு உதிர்ப்பது. அதில் ஒரு நாளாவது மழை பெய்தால் நல்லது.

முதல் வாரம் எல்லாப் பிள்ளையும் பறக்கும். இரண்டாவது வாரம் "இன்னைக்கு ஏறலாமா?" என்று வரும். மூன்றாவது வாரம்தான் உண்மை. முணுமுணுத்துக்கொண்டே செய்தாலும் செய்கிறதா என்று பாருங்கள், முணுமுணுப்பது குற்றமில்லை, நாமும் அப்படித்தானே வேலைக்குப் போகிறோம்.

ஆனால் இந்தச் சோதனையைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். "பொறுப்பு வரட்டும் என்று குதிரை வாங்கித் தருகிறேன்" என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பு மூன்று நாள் இருக்கும், நாலாவது நாள் காய்ச்சல் வரும், ஐந்தாவது நாள் பரீட்சை. குதிரைக்கு அந்த ஐந்து நாளும் பசிக்கும். பேரில் பிள்ளையின் குதிரை, உண்மையில் உங்கள் குதிரை. இதை இப்போதே ஏற்றுக்கொண்டால் பிறகு வீட்டில் சண்டை குறையும்.

படி 5: இப்போது உங்களைப் பாருங்கள்

தினமும் இரண்டு வேளை, வருடத்தில் எல்லா நாளும், யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாதபோது யார்? பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பணம் கொடுத்து வேறு ஒருவர் லாயத்தில் வைத்துப் பராமரிக்கச் சொல்லலாம், முதல் குதிரைக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன், ஏதாவது என்றால் பக்கத்தில் தெரிந்தவர் இருப்பார்.

துணை வேண்டும். தனியாக நிற்கிற குதிரை கத்தும், வேலியோரம் நடந்துகொண்டே இருக்கும். இன்னொரு குதிரையோ கழுதையோ கண்ணில் படுகிற தூரத்திலாவது இருக்க வேண்டும்.

குளம்பு திருத்தவும் லாடம் பார்க்கவும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும். பல் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும், குதிரைப் பல் வாழ்நாள் முழுக்க மேலே வந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருப்பதால் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். ரணஜன்னி (டெட்டனஸ்), இன்ஃப்ளுவென்சா தடுப்பூசிகள், குடற்புழு மருந்து. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி வந்து தரையில் புரண்டால் காலைவரை பார்ப்போம் என்று விடக் கூடாது, நள்ளிரவில் கூப்பிட்டால் வருகிற கால்நடை மருத்துவர் யார் என்று குதிரை வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாசத்தால் வருகிற கேடு அது. மட்டக்குதிரைகள் மோசமான நிலத்தில் கொஞ்சம் தின்று பிழைக்கப் பழகிய இனங்களிலிருந்து வந்தவை. பச்சைப் பசேல் என்று புல் வளர்ந்த மைதானத்தில் விட்டால் நமக்குக் கண்ணுக்கு அழகு, அதற்கு ஆபத்து. புல்லில் இருக்கிற சர்க்கரை அதிகமானால் குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கிற சதை அடுக்குகள் வீங்கி வலிக்கும், லாமினைட்டிஸ் என்பார்கள், முற்றினால் எலும்பே குளம்புக்குள் இடம் மாறிவிடும். முன்னங்காலை முன்னால் நீட்டி எடையைப் பின்னால் போட்டு நிற்பது, திரும்பும்போது தயங்குவது, குளம்பு சூடாக இருப்பது, இவை அறிகுறி. 200 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து நாலு கிலோ காய்ந்த தீவனம் போதும். பாவம் பசிக்குதே என்று பிள்ளையும் நீங்களும் மாற்றி மாற்றிப் போட்டால் முதலில் வரப்போவது இதுதான். விலாவில் கை வைத்துத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. இந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

கடைசியாக ஒரு எண். நல்ல பராமரிப்பில் மட்டக்குதிரை 25, 30 வருடம் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு அது மூன்று நாலு வருடத்தில் சின்னதாகிவிடும். அதற்கு அப்புறம் என்ன என்பதை இப்போதே பேசிவையுங்கள், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

படி 6: வாங்காமல் வைத்துப் பாருங்கள்

முடிந்தால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். தன் பிள்ளை வளர்ந்துவிட்டதால் குதிரையை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் எங்கும் உண்டு, அவர்களிடம் ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம், அல்லது வாரத்தில் மூன்று நாள் பகிர்ந்துகொள்ளலாம். மருத்துவச் செலவு யாருடையது, லாடம் யாருடையது, காயம் பட்டால் யார் பொறுப்பு, எத்தனை நாள் முன்னால் சொல்லித் திருப்பித் தரலாம் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். சொந்தக்காரர்கள் என்றால் கட்டாயம் எழுத்தில் வையுங்கள்.

படி 7: எந்தக் குதிரை

இங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. மகளுக்குப் பார்க்கப் போனபோது குதிரை ஏற்கெனவே சேணம் பூட்டித் தயாராக நின்றது, ஆட்டுக்குட்டி போல. முதுகில் கை வைத்தபோது ஈரமாகச் சூடாக இருந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டி அதன் தெம்பை எல்லாம் இறக்கியிருக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வந்த மூன்றாவது நாள்தான் புரிந்தது.

அதனால் வாங்கப் போகும்போது, மைதானத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிடிப்பதிலிருந்து பாருங்கள். கயிற்றைக் கண்டதும் ஓடுகிற குதிரை பிள்ளைக்கு ஆகாது, சவாரி செய்கிற நேரத்தைவிடத் துரத்துகிற நேரம் அதிகமாகிவிடும். குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், வண்டியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், சாலைப் பக்கம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் முதலில் ஏறி ஓட்டட்டும், பிறகு உங்கள் பயிற்சியாளர், கடைசியில்தான் பிள்ளை. இன்னொரு நாள், வேறு நேரத்தில், மறுபடியும் போங்கள். பிள்ளையை முதல் தடவை கூட்டிப் போகாதீர்கள், ஏனென்றால் பிள்ளை முதலில் பார்க்கிற குதிரையைத்தான் வாங்கச் சொல்லும். முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள், மட்டக்குதிரை விஷயத்தில் மூஞ்சியைப் பார்த்து ஒன்றும் தெரியாது, எல்லாம் அழகான மூஞ்சிதான்.

வயது பத்துக்கு மேல் இருக்கட்டும். பதினைந்து, பதினெட்டு என்றாலும் ஆரோக்கியமாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். மூன்று வயதுக் குட்டியை வாங்கிப் பிள்ளையும் அதுவும் சேர்ந்து வளரட்டும் என்கிற யோசனை கேட்க இனிமையாக இருக்கும், நடைமுறையில் ஒன்றும் தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் பயமுறுத்துவதில் முடியும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்கிற கதைதான்.

உயரத்தைக் கையளவில் சொல்வார்கள், ஒரு கை நாலு அங்குலம். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் அளப்பது. 11.2 என்றால் பதினொன்றரை கை, அதாவது 46 அங்குலம், புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலம் என்பது தெரியாமல் நான் முதலில் குழம்பினேன். 14.2 வரை மட்டக்குதிரைக் கணக்கு, அதாவது 58 அங்குலம். ஷெட்லாண்டு 42 அங்குலத்தைத் தாண்டாது. வெல்ஷ் மலைக்குதிரை பிரிட்டன் பதிவேட்டின்படி 12 கைக்குள். சின்னது என்றால் சாது என்று நினைக்க வேண்டாம், ஷெட்லாண்டுக்கு உருவத்துக்கு மீறிய பலமும் அதற்கேற்ற பிடிவாதமும் உண்டு, முதுகும் அகலம், ஒல்லிக் கால் பிள்ளைக்குப் பீப்பாய் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பிள்ளையும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பலரும் வைத்துக்கொள்கிற எல்லை, அதற்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்து சரியாகிவிடும் என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, குதிரைக்குச் சரியில்லை.

பணம் கொடுக்கும் முன் உங்கள் சார்பில் ஒரு கால்நடை மருத்துவர் பரிசோதிக்கட்டும், விற்பவரின் மருத்துவர் வேண்டாம். ரத்த மாதிரி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மயக்க மருந்தோ வலி தெரியாமலிருக்க மருந்தோ கொடுத்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

படி 8: தலைக்கவசம், காலணி, அங்கவடி

தலைக்கவசம் குதிரைச் சவாரிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், சைக்கிள் கவசம் கூடாது. உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1163 (ASTM F1163) என்கிற அமெரிக்கத் தரம் போன்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்டால் வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பழையது வாங்காதீர்கள், அது எங்கே விழுந்து வந்ததோ.

காலணிக்குச் சின்னக் குதிகால் வேண்டும், கால் அங்கவடிக்குள் வழுக்கிப் போய்ச் சிக்காமலிருக்க. அங்கவடி காலணியைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்கட்டும். ஒரு பக்கம் ரப்பர் வளையம் வைத்த அங்கவடிகள் உண்டு, பிள்ளை விழுந்தால் வளையம் கழன்று காலை விட்டுவிடும், பிள்ளைகளுக்கு அவைதான் சரி. எந்தக் காரணம் கொண்டும் பிள்ளையைச் சேணத்தோடு கட்டாதீர்கள்.

படி 9: முதல் ஆறு வாரம்

வந்த அன்றே ஏற வேண்டாம். புது இடம், புதுத் துணை, புது வாசனை, குதிரைக்கு எல்லாமே அந்நியம். சில நாள் கையில் நடத்தி மட்டும் பழகுங்கள், நண்பர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். வகுப்பில் தனியாக ஓட்டிய பிள்ளையாக இருந்தாலும் இங்கே மறுபடி ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்துவதில் இருந்து தொடங்குங்கள். பிள்ளைக்கு ரோஷம் வரும். வரட்டும். பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே அதே அளவில் கொடுத்து, மாற்ற வேண்டியதை இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். வேலை குறைந்து தீனி கூடினால் எந்தச் சாதுவும் துள்ளும்.

வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். குதிரைதான் வீட்டில் இருக்கிறதே என்று நிறுத்துகிறவர்கள் அதிகம், உதவி அதிகமாகத் தேவைப்படுவது அப்போதுதான்.

"இன்னும் இல்லை" என்று முடிவானால்

அப்படி முடிவானால் காரணத்தைச் செய்யக்கூடிய ஒரு வேலையாகச் சொல்லுங்கள். "நீ சின்னப் பிள்ளை" என்றால் பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. "நான் தள்ளி நிற்கிறப்ப நாலு காலையும் தூக்கிக் காட்டு, அப்ப பேசலாம்" என்றால் முயற்சி செய்ய ஒன்று இருக்கிறது. பொய்த் தேதி கொடுக்காதீர்கள், பிறந்தநாளோடு முடிச்சுப் போடாதீர்கள். என் மகள் பதினொன்று ஆனபோது தம்பியின் குதிரையைத் தானாகப் போய்ப் பிடித்து வந்து கட்டினாள், நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ஏறுவதில் இப்போது பெரிய ஆசை இல்லை, தேய்த்துக் கழுவுவதில்தான்.

மகனுக்குக் கால் கீழே தொங்க ஆரம்பித்தபோது, பேசி வைத்திருந்தபடி, குதிரை வேறு ஒரு பிள்ளையிடம் போனது. போகிற அன்று ஒரு தாளை மடித்துத் தலைக்கயிற்றோடு வைத்து அனுப்பினான். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. "காலையில முதல்ல தண்ணி வைக்கணும், அப்புறம்தான் பேசணும். மழைக் கோட்டு சத்தம் பிடிக்காது, தூரத்துலயே கழட்டிடுங்க. ஒல்லியா இருக்கேன்னு நடிப்பான், நம்பாதீங்க, விலாவைத் தொட்டுப் பாருங்க. பின்னங்கால்ல வலதை முதல்ல கேளுங்க. இடதை முதல்ல கேட்டா கோவம் வரும், ஏன்னு தெரியல."